நாக்குக்கு அடியில கட்டி: கீறி விடலாமா, சுரப்பியோட எடுக்கலாமா, கழுத்து வழியா போகணுமா?

நாக்கத் தூக்கிட்டு கண்ணாடில பாக்குறப்போ அடியில ஒரு வீக்கம் தெரியுது, வலி கிடையாது, தொட்டா மெத்துன்னு இருக்கு, சரி உடம்பு சூடுன்னு நெனச்சு இளநீர் குடிச்சுட்டு விட்டுட்டீங்க, ஒரு மாசத்துல அது பெருசாகி பேசும்போது நாக்கு இடிக்க ஆரம்பிச்சதும் டாக்டர்கிட்ட போறீங்க. ஒருத்தர் லேசா கீறி விட்டா சரியாயிடும்ங்கிறார், அடுத்தவர் சுரப்பியவே எடுக்கணும்ங்கிறார், மூணாவது ஆள் கழுத்துல வெட்டித்தான் எடுக்கணும்ங்கிறார். உடனே நம்மாளுங்க வர்ற முடிவு, "எல்லாரும் காசு புடுங்கப் பாக்குறாங்க". நான் பல் டாக்டர், சின்ன ஊர்ல கிளினிக் வச்சிருக்கேன், இந்த பெரிய ஆபரேஷன் எதையும் நான் பண்றதில்ல, ஓரல் சர்ஜன்கிட்ட எழுதிக் கொடுத்து அனுப்புறதோட என் வேலை முடிஞ்சுது, அதனால இந்த மூணு பேர்ல யாருக்கும் வக்காலத்து வாங்க எனக்கு அவசியம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், மூணு பேர் சொன்னதும் சரியா இருக்கலாம், ஏன்னா அவங்க மனசுல நெனச்சது மூணு வேற வேற கட்டி. எந்தக் கட்டி, எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு தெரியாம ட்ரீட்மென்ட்ட மட்டும் ஒப்பிட்டுப் பாக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

நாக்குக்கு அடியில அடிக்கடி வர்றது ரானுலா. அங்க ரெண்டு பக்கமும் சப்லிங்குவல்னு ஒரு சின்ன உமிழ்நீர் சுரப்பி இருக்கு, அதோட மெல்லிய குழாய் ஏதாவது ஒண்ணு அறுந்தோ அடைச்சோ போனா எச்சி வெளிய வர வழியில்லாம பக்கத்துல இருக்கிற சதைக்குள்ள கசிஞ்சு தேங்கும், அந்தத் தேக்கம்தான் ரானுலா. அதுக்குன்னு சொந்தமா ஒரு பை கிடையாது, சுத்தி இருக்கிற சதையே கொஞ்சம் தடிச்சு சுவர் மாதிரி நிக்கும். ரெண்டாவது, இத விட ரொம்ப ரொம்ப அபூர்வமா வர்றது டெர்மாய்ட் வகைக் கட்டி. கரு உருவாகிற மூணாவது நாலாவது வாரத்துல தாடைப் பக்கம் ரெண்டு பாதியும் நடுவுல ஒட்டும்போது தோலா மாற வேண்டிய செல் கொஞ்சம் உள்ள மாட்டிக்கிட்டு, பல வருஷம் சும்மா கிடந்து, பெரும்பாலும் 15 வயசுலேர்ந்து 35 வயசுக்குள்ள வெளிய தலை காட்டும். இதுக்கு நிஜமான பை உண்டு, பையோட உள்பக்கம் தோல் மாதிரியே இருக்கும், அது உதிர்க்கிற கெரட்டினும் கொழுப்பும்தான் உள்ள நிறைஞ்சிருக்கும். 1955ல மையர்ங்கிறவர் இத மூணா பிரிச்சார், வெறும் மேல்தோல் மட்டும் இருந்தா எபிடெர்மாய்ட், கூடவே முடிக்கால், எண்ணெய் சுரப்பி, வேர்வை சுரப்பி இருந்தா டெர்மாய்ட், தசை எலும்பு குடல் சவ்வுன்னு வேற திசுவும் கலந்திருந்தா டெரட்டாய்ட். இந்தப் பிரிவினை பயாப்சி ரிப்போர்ட்ட படிக்கிறப்போ உதவும், ஆபரேஷனுக்கு முன்னாடி பெருசா எதையும் மாத்தாது, மூணையும் முழுசாத்தான் எடுக்கணும்.

இந்த ரெண்டு போக லிம்ஃபாட்டிக் மால்ஃபர்மேஷன்ங்கிற பிறவி நிணநீர்க் கட்டி, தைரோகுளோசல் சிஸ்ட், பிறந்த குழந்தைங்களுக்கு வர்ற குடல் சவ்வு உள்ள சிஸ்ட், குட்டியா மஞ்சளா தெரியிற லிம்ஃபோஎபிதீலியல் சிஸ்ட், சாதாரண கொழுப்புக்கட்டின்னு லிஸ்ட் நீளும். எல்லாத்தையும் இங்க விளக்கப் போறதில்ல, ஆனா ரெண்ட மட்டும் சொல்லியே ஆகணும். ஒண்ணு, ரத்தக்குழாய்க் கட்டி. அதுவும் ரானுலா மாதிரியே நீலமாத்தான் தெரியும், குனிஞ்சா கொஞ்சம் பெருசாகும், அழுத்தினா சுருங்கி மறுபடி நிரம்பும், அதுல போய் யாராவது ரானுலான்னு நெனச்சு கத்தி வச்சா ரத்தத்த நிறுத்துறது பெரும்பாடு. ரெண்டாவது, சப்லிங்குவல் சுரப்பிலயே வர்ற புத்துக்கட்டி. இந்தச் சுரப்பில கட்டி வர்றதே அபூர்வம், ஆனா வந்தா அதுல பெரும்பாலானது கேன்சராத்தான் இருக்கும், மியூக்கோஎபிடெர்மாய்ட்னு ஒரு வகை பாதி நீர்க்கட்டி மாதிரியே ஏமாத்தும். கையில கெட்டியா தட்டுப்பட்டா, நாக்குல மரமரப்பு இருந்தா, மேல புண் இருந்தா, கூடவே வெத்தல பாக்கு புகையிலை பழக்கமும் இருந்தா கீறி விடுற பேச்சுக்கே இடமில்ல, முதல்ல ஸ்கேனும் பயாப்சியும்தான்.

இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிற விஷயம். டெஸ்ட்டுலயும் ஆப்ஷன் நெறைய இருக்கு, எல்லாருக்கும் எல்லாம் தேவையில்ல. முதல் டெஸ்ட் காசில்லாதது, விரல். ஒரு கை விரல் வாய்க்குள்ள, இன்னொரு கை தாடைக்கு அடியில, நடுவுல கட்டிய வச்சு அமுக்கிப் பாக்கணும். ரானுலா பொதுவா ஒரு பக்கமா இருக்கும், தளதளன்னு தண்ணி அசையுறது தெரியும். டெர்மாய்ட் பொதுவா நட்ட நடுவுல இருக்கும், பிசைஞ்சு வச்ச சப்பாத்தி மாவு மாதிரி விரல் அமுக்கின பள்ளம் ஒரு நொடி அப்படியே நிக்கும். அப்புறம் ரெண்டு மூணு கேள்வி. சாப்பிட உக்காந்தா வீங்கி அப்புறம் வத்திப் போகுதா? அப்படின்னா அது சிஸ்டே இல்லாம உமிழ்நீர்க் குழாய்ல கல்லா இருக்கலாம். தானா உடைஞ்சு வாய்க்குள்ள கொழகொழன்னு ஏதோ வந்து கட்டி அமுங்கிப் போய், கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சா? அது கிட்டத்தட்ட ரானுலாவோட கையெழுத்து. சளி ஜுரம் வர்றப்போ எல்லாம் பெருசாகுதா, அதுவும் சின்னக் குழந்தைக்கா? லிம்ஃபாட்டிக் பக்கம் யோசிக்கணும்.

ஊசி போட்டு உறிஞ்சிப் பாக்குறது ரெண்டாவது. ரத்தக்குழாய்க் கட்டி இல்லன்னு உறுதியானதுக்கு அப்புறம்தான் இத செய்யணும். ரானுலான்னா லேசா மஞ்சளா தெளிவா வரும், சிரிஞ்ச்லேர்ந்து ஒரு சொட்ட ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு விரிச்சா நூல் மாதிரி நீளும், அறாது. அத லேபுக்கு அனுப்பினா அமைலேஸ்ங்கிற எச்சி என்சைம் எகிறி இருக்கும், ஏன்னா அது எச்சிதானே. டெர்மாய்ட்ல சின்ன ஊசி போட்டா ஒண்ணுமே வராது, பிஸ்டன இழுத்து இழுத்து கை வலிக்கும், பெரிய ஊசி போட்டா வெள்ளையா பாலாடைக்கட்டிய நசுக்கின மாதிரி கொஞ்சம் முனையில ஒட்டிட்டு வரும், ஸ்லைட்ல வச்சா உயிரில்லாத தோல் செதில் கூட்டம் கூட்டமா தெரியும். எஃப்என்ஏசின்னு எழுதிக் கொடுக்கிறது இதத்தான். ஊசி போட்டதும் கட்டி சுருங்குதே, அப்படியே விட்டா என்னன்னு கேப்பாங்க. ரானுலால உறிஞ்சுறது டயக்னோசிஸ், வைத்தியம் கிடையாது, கசியிற சுரப்பி அங்கயேதான் இருக்கு, கொஞ்ச நாள்ல திரும்ப ரொம்பிடும்.

ஸ்கேன்ல எதுக்கு செலவு பண்றதுங்கிறதுல எனக்கு ஒரு கறாரான கருத்து இருக்கு. வாய்க்குள்ள மட்டும் சின்னதா நீலமா ஒரு பக்கமா இருக்கிற சாதாரண ரானுலாவுக்கு எம்ஆர்ஐ தேவையில்ல, ஒரு அல்ட்ராசவுண்ட் போதும். அல்ட்ராசவுண்ட்ல தண்ணியா கெட்டியா, ரத்த ஓட்டம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும், கதிர்வீச்சு கிடையாது, செலவும் கம்மி. நட்ட நடுக் கட்டின்னா அந்த ஸ்கேன்லயே தைராய்டு சுரப்பி கழுத்துல அதோட சொந்த இடத்துல இருக்கான்னு பாத்துத் தரச் சொல்லுங்க, இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா சில பேருக்கு தைராய்டு கீழ இறங்காம நாக்குப் பக்கமே தங்கிடும், உடம்புல இருக்கிற மொத்த தைராய்டும் அந்த ஒரு உருண்டைதான், அத கட்டின்னு வெட்டி எடுத்துட்டா வாழ்நாள் முழுக்க மாத்திரைதான். எம்ஆர்ஐ எப்ப வேணும்னா, கட்டி பெருசா இருந்தா, கழுத்துலயும் வீக்கம் தெரிஞ்சா, நடுவுல இருந்து டெர்மாய்ட்னு சந்தேகம் வந்தா, ஏற்கனவே ஒரு தடவ பண்ணி திரும்ப வந்திருந்தா. அங்க காசு பாக்காதீங்க. டெர்மாய்ட்ல கொழுப்பு குட்டிக் குட்டி உருண்டையா சேந்து பை நிறைய கோலிக்குண்டு போட்ட மாதிரி படத்துல தெரியும், ரேடியாலஜி டாக்டருங்களே அந்தப் பேர்லதான் அத சொல்றாங்க, அப்படித் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். எபிடெர்மாய்ட்ல கொழுப்பு இல்லாததால அது எம்ஆர்ஐல படம் எடுக்கிற சாதாரண முறையில, அதாவது சாதாரண சீக்வென்ஸ்ல, தண்ணி மாதிரியே நடிக்கும், டிஃப்யூஷன்னு ஒரு சீக்வென்ஸ் போட்டா பளிச்சுன்னு மாட்டிக்கும், அதனால ரிக்வெஸ்ட் எழுதுற டாக்டர் அதையும் சேத்து எழுதணும். சிடி ஸ்கேன் எடுத்தாலும் தப்பில்ல, கல்லு இருக்கான்னு பாக்க அதுதான் நல்லது, ஆனா சின்னப் பசங்களுக்கு கதிர்வீச்சு யோசிச்சு எம்ஆர்ஐயே மேல்.

ஸ்கேன்ல நமக்கு வேண்டிய முக்கியமான பதில் ஒரே ஒரு தசையப் பத்தினது. மைலோஹயாய்ட்னு பேரு, கீழ்த்தாடையோட உள்பக்கம் ரெண்டு சைடுலேர்ந்தும் வந்து நடுவுல சேந்து வாயோட தரையா நிக்கிற தசை. கட்டி அதுக்கு மேல இருந்தா வாய்க்குள்ள நாக்க மேல தூக்கும், கீழ இருந்தா தாடைக்கு அடியில ரெட்டை நாடி மாதிரி தொங்கும், மேலயும் கீழயும் இருந்தா ரெண்டும் தெரியும். கீழ மட்டும் இருந்தா வாய்க்குள்ள ஒண்ணுமே தெரியாமக்கூட இருக்கலாம், அதான் சிக்கல். பல பேருக்கு பிறவியிலயே இந்தத் தசையில ஒரு இடைவெளி இருக்கு, ரானுலா அது வழியா கழுத்துக்கு எறங்கிடும், அதுதான் பிளஞ்சிங் ரானுலா. கழுத்துல கட்டின்னு நேரா பொது சர்ஜன்கிட்ட போய் கழுத்த மட்டும் பாத்துட்டு வர்றவங்க இதுல மாட்டிப்பாங்க. ஸ்கேன்ல கழுத்துக் கட்டிலேர்ந்து நாக்கடிப் பக்கம் மெலிசா ஒரு வால் நீண்டிருந்தா அது எங்கேர்ந்து வருதுன்னு காட்டிக் கொடுத்துடும்.

சரி, ரானுலாதான்னு உறுதியாயிடுச்சு, இப்ப என்ன செய்யலாம்? கீறி விடுறது, கூரைய வெட்டி ஓரத்த தைக்கிறது, கட்டிய மட்டும் உரிச்சு எடுக்கிறது, சுரப்பிய எடுக்கிறது, ஊசி மருந்து போட்டு சுருங்க வைக்கிறது. இதுல முதல் ஆப்ஷன உடனே தள்ளி வச்சுடலாம். கீறி விட்டா ஓட்டை சீக்கிரம் மூடிக்கும், திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் உள்ள தழும்பு ஏறி அடுத்து பண்றவருக்கு நரம்பும் குழாயும் எங்க இருக்குன்னே தெரியாம ஆயிடும். மூச்சு திணறுற அளவுக்கு பெருசாகி ராத்திரி வந்து நிக்கிறவருக்கு அவசரத்துக்கு செய்யலாம், அவ்வளவுதான் அதோட மரியாதை.

கூரைய வெட்டித் தைக்கிறதுக்குப் பேரு மார்சுபியலைசேஷன். கட்டியோட மேல்பக்கத்த முழுசா திறந்து, ஓரத்த சுத்தி இருக்கிற வாய்த் தோலோட தையல் போட்டு, அந்த இடத்த எச்சி வர்ற வாசலா மாத்திடுறது. பெரியவங்கன்னா மரப்பு ஊசியிலயே முடிச்சுடலாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம், நரம்புக்கு பெரிய ஆபத்தில்ல. குறை ஒண்ணே ஒண்ணுதான், திரும்ப வர்றது. சீனாவுல வுஹான்லேர்ந்து 2004ல 580 ரானுலாவ வச்சு ஒரு அலசல் வந்துச்சு, அதுல மார்சுபியலைசேஷன் பண்ணினதுல 66.67 சதவீதம் திரும்ப வந்திருக்கு, கட்டிய மட்டும் எடுத்ததுல 57.69 சதவீதம், சுரப்பிய எடுத்ததுல வெறும் 1.20 சதவீதம். இந்த நம்பர பாத்தா வேற பேச்சே தேவையில்லன்னு தோணும். ஆனா அது ஒரு ஆஸ்பத்திரியோட அனுபவம், பெரிய சிக்கலான கேஸ்தான் அந்த மாதிரி இடத்துக்கு போய்ச் சேரும், மார்சுபியலைசேஷன ஒழுங்கா பண்ணி குழிய துணித்திரி வச்சு ஒரு வாரம் பத்து நாள் அடைச்சு வச்சா திரும்ப வர்றது நல்லாவே குறையுதுன்னு சொல்ற சர்ஜன்களும் இருக்காங்க, வாய்க்குள்ள அத்தன நாள் துணிய வச்சுக்கிட்டு சாம்பார் சாதம் சாப்பிடுறது எப்படின்னு பேஷன்ட்தான் சொல்லணும், அது வேற விஷயம்.

சுரப்பிய எடுக்கிறதுன்னா வாய் வழியாவே, வெளிய தழும்பு கிடையாது. ஏன் இது வேலை செய்யுதுன்னா, சப்லிங்குவல் சுரப்பி மத்ததுங்க மாதிரி சாப்பாட்டப் பாத்தா மட்டும் ஊறுற ஆளில்ல, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா ஊறிக்கிட்டே இருக்கும், அதனால ஒரு தடவ கசிய ஆரம்பிச்சா தானா நிக்கிறது கஷ்டம். ஊத்த எடுத்துட்டா தேக்கத்துக்கு வேலையில்ல. நம்மாளுங்க முதல்ல பயப்படுறது, "சுரப்பி போயிட்டா வாய் காஞ்சுடாதா டாக்டர்?". காயாது, அதவிடப் பெரிய சுரப்பிங்க காதுகிட்டயும் தாடைக்கு அடியிலயும் ஜோடி ஜோடியா இருக்கு, எதிர்ப் பக்க சப்லிங்குவலும் இருக்கு, ஒண்ணு போனா வித்தியாசமே தெரியாது. உண்மையா பயப்பட வேண்டியது ரெண்டு இடம். தாடைக்கு அடியில இருக்கிற சுரப்பியோட வார்ட்டன் குழாய் இந்தச் சுரப்பிய ஒட்டியே ஓடுது, அதுக்கு அடியில நாக்கோட உணர்ச்சி நரம்பு சுத்திக்கிட்டுப் போகுது. குழாய்ல அடி பட்டா அப்புறம் சாப்பிடும்போதெல்லாம் தாடைக்கு அடியில வீங்கும், நரம்புல அடி பட்டா நாக்குல பாதி மரத்துப் போகும். மரப்பு பல பேருக்கு சில வாரம் சில மாசத்துல சரியாயிடும், கொஞ்சம் பேருக்கு தங்கிடும். கை தேர்ந்த சர்ஜன் ஆரம்பத்துலயே நாக்கத் தரையோட சேக்குற கயிறு மாதிரி மடிப்புப் பக்கத்துல இருக்கிற வார்ட்டன் குழாயோட வாசலுக்குள்ள, கண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கிற மெலிசான கம்பிய நுழைச்சு வச்சுக்கிட்டுத்தான் வெட்டவே ஆரம்பிப்பார், கம்பி இருக்கிறதால குழாய் எங்கன்னு கைக்கு தட்டுப்பட்டுக்கிட்டே இருக்கும். முழு மயக்கம் வேணும், ஒண்ணு ரெண்டு நாள் பெட்ல இருக்கணும்.

ஊசி மருந்துல பேர் போனது ஓகே-432, ஜப்பான்ல உருவானது, 1987லேர்ந்தே லிம்ஃபாட்டிக் கட்டிக்கு அத போட்டுப் பாத்திருக்காங்க, பின்னாடி ரானுலாவுக்கும் போட ஆரம்பிச்சாங்க. கத்தியே இல்ல, நரம்புக்கு ஆபத்தில்ல, ஆனா ஒரு ஊசியோட முடியாது, போட்ட ரெண்டு மூணு நாள் ஜுரமும் வீக்கமும் வரும், வாய்த்தரை வீங்கினா மூச்சுக்குழாய் பக்கம்ங்கிறத மறந்துடக் கூடாது, பென்சிலின் கலந்து தயாரிக்கிற மருந்துங்கிறதால பென்சிலின் அலர்ஜி உள்ளவங்களுக்கு கண்டிப்பா கூடாது. நம்ம ஊர்ல இது சுலபமா கிடைக்கிற மருந்தும் இல்ல. லிம்ஃபாட்டிக் கட்டிக்கு இங்க பிளியோமைசின் போடுறாங்க, அதுல ஊசி வழிதான் பல சமயம் முதல் சாய்ஸ், ஏன்னா அந்தக் கட்டி சதை சதையா ஊடுருவி இருக்கும், வெட்டி முழுசா எடுக்க முடியாது. ரானுலாவுக்கு ஊசி மருந்துங்கிறது ஆபரேஷன் தாங்க முடியாத உடம்புக்காரங்களுக்கு கையில இருக்கிற ஒரு வழின்னு வச்சுக்கலாம்.

என் கணக்கு இப்படி. பெரியவங்க, முதல் தடவ, சின்னது, ஒரு பக்கம், வாய்க்குள்ள மட்டும்னா மார்சுபியலைசேஷன் பண்ணிப் பாக்கலாம்னு ஒருத்தர் சொன்னா நான் சண்டைக்கு நிக்க மாட்டேன், திரும்ப வரலாம்னு தெரிஞ்சு ஒத்துக்கிட்டா சரி. ஒரு தடவ திரும்ப வந்துடுச்சா, அதுக்கு மேல அதையே ரெண்டாவது மூணாவதுன்னு பண்ணிக்கிட்டே இருக்கிறது வீண், சுரப்பிய எடுக்கிறவர்கிட்ட போயிடணும். பிளஞ்சிங் ரானுலாவுல யோசிக்கவே வேண்டாம், முதல் தடவையே சுரப்பி. இங்கதான் நெறைய பேர் ஏமாறுற இடம், கழுத்துல வீக்கம் இருக்கிறதால கழுத்துலதான் வெட்டணும்னு நெனைக்கிறது. கழுத்துல இருக்கிறது சொந்தப் பை இல்லாத வெறும் தேக்கம், வாய் வழியா சுரப்பிய எடுத்து தேங்கினத வடிச்சு விட்டாலே அது தானா சுருங்கிடும். கழுத்த மட்டும் திறந்து கட்டிய வழிச்சு எடுத்து சுரப்பிய விட்டுட்டா தழும்பும் மிச்சம், கட்டியும் திரும்ப வரும். அந்த வுஹான் அலசல்லயும் இதேதான், எந்த வழியா போனாங்கங்கிறத வச்சு முடிவு மாறல, சுரப்பிய எடுத்தாங்களா இல்லையாங்கிறத வச்சுத்தான் மாறுச்சு.

டெர்மாய்ட் வந்தா கதையே தலைகீழ். அங்க சுரப்பிக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்ல, சுரப்பிய எடுத்து என்ன பிரயோஜனம், பைய முழுசா எடுக்கணும், துணுக்கு மிச்சம் வச்சா அதுலேர்ந்து திரும்ப வளரும். முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் அதோட தொல்லை முடிஞ்சுது. மார்சுபியலைசேஷன், ஊசி மருந்து எதுவும் இதுக்கு சரிப்படாது. இதுல இருக்கிற ஒரே உண்மையான கேள்வி, வாய் வழியாவா கழுத்து வழியாவா. இங்க அந்த மைலோஹயாய்ட் தசை பதில் சொல்லும். கட்டி அதுக்கு மேல இருந்தா நாக்குக்கு அடியில நடுக்கோட்டுல ஒரு கீறல் போட்டு விரலாலயே மெதுவா பிரிச்சு எடுத்துடலாம், பை தடிமனா இருக்கிறதால சுத்தி இருக்கிற சதையோட ஒட்டாம வழுக்கிட்டு வரும். கீழ இருந்தா தாடைக்கு அடியில தோல் மடிப்புல கீறல். தசைக்கு மேலயும் கீழயும் பரவி இருந்தாலோ ரொம்ப பெருசா இருந்தாலோ கழுத்து வழிதான் பல சர்ஜன்களோட தேர்வு. கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் வரைக்கும் தசைக்கு மேல இருக்கிறத வாய் வழியா எடுக்கிறாங்க, அதுக்கு மேலயும் உள்ள இருக்கிறத கொஞ்சம் உறிஞ்சி சுருக்கிட்டு வாய் வழியாவே உருவி எடுத்தவங்களும் உண்டு, ஆனா பை கிழிஞ்சு உள்ள இருக்கிறது சிந்தினா சதை அத ஏத்துக்காம புண்ணாகும், அதனால திறமையும் நிதானமும் இருக்கிறவர் கை அது.

ஒரு காலேஜ் பொண்ணுக்கு இப்படித்தான் தாடைக்கு அடியில தொங்குற மாதிரி டெர்மாய்ட், சர்ஜன் கழுத்து வழின்னு சொல்லிட்டார், அவங்க அம்மா என்கிட்ட வந்து, "தம்பி, கழுத்துல தழும்பு விழுந்தா நாளைக்கு பொண்ணு பாக்க வர்றவங்க கேப்பாங்களே, நீங்க ஒரு வார்த்தை சொல்லி வாய் வழியா எடுக்கச் சொல்லுங்களேன்"னு கெஞ்சுறாங்க. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து தலைய நிமித்தாம போன நோண்டிக்கிட்டு இருக்கு. நான் அந்தம்மாவ கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, தலைய நேரா வச்சா தாடைக்கு அடியில இருக்கிற மடிப்பு யாருக்காவது தெரியுதான்னு கேட்டேன், அவங்க கழுத்தத் தடவிப் பாத்துட்டு, "அப்ப அண்ணாந்து பாத்தாத்தான் தெரியுமா"ன்னாங்க. அந்த மடிப்புக்குள்ளதான் கீறல் விழும். தழும்பு வேண்டாம்னு வாய் வழியா அடம் புடிச்சு பைல பாதிய உள்ள விட்டுட்டு வந்தா ரெண்டாவது ஆபரேஷன் கண்டிப்பா கழுத்து வழிதான், அதுவும் பெரிய கீறலா. என் கருத்து என்னன்னா, வாய் வழின்னு வாக்கு கொடுக்கிற டாக்டர விட, எம்ஆர்ஐ படத்த ஸ்கிரீன்ல போட்டு இந்தத் தசை இங்க இருக்கு கட்டி இங்க இருக்குன்னு விரல் வச்சுக் காட்டுற டாக்டர நம்பலாம்.

குழந்தைங்களுக்கு கணக்கே வேற. பிறந்த குழந்தைக்கு சின்ன ரானுலான்னா, பால் குடிக்கிறதுலயும் மூச்சு விடுறதுலயும் தொந்தரவு இல்லன்னா, சில மாசம் பொறுத்துப் பாக்கலாம், தானா மறைஞ்சு போறதும் உண்டு. கொஞ்சம் வளந்த பசங்களுக்கு மைக்ரோ மார்சுபியலைசேஷன்னு ஒண்ணு இருக்கு, வெட்டாம கட்டியோட கூரை வழியா பட்டு நூல்ல ரெண்டு மூணு தையல் தளர்வா போட்டு கொஞ்ச நாள் அப்படியே விட்டுடுறது, நூல் ஓட்டை வழியா எச்சிக்கு புது வழி உருவாகும், குழந்தை பெருசா அழாம முடிஞ்சுடும். பெரியவங்களுக்கு இதப் பெரிய தீர்வா நெனைக்காதீங்க. ஆப்பிரிக்காவுல, குறிப்பா ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா பக்கம், எச்ஐவி உள்ளவங்ககிட்ட ரானுலா அதிகமா வர்றத பாத்திருக்காங்க, அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கிறப்போ அந்த டெஸ்ட்டும் சேந்து இருந்தா கோவப்படாதீங்க.

கட்டி பழுத்து சிவந்து வலியும் ஜுரமும் வந்திருக்கிற நேரத்துல எந்த ஆப்ஷனும் இல்ல, முதல்ல ஆன்டிபயாட்டிக் போட்டு அடங்க வைக்கணும். வாயத் திறக்க முடியல, எச்சி முழுங்க முடியல, குரல் மாறுது, தாடைக்கு அடியில கல்லு மாதிரி இறுகுதுன்னா காத்துக்கிட்டு இருக்காம அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. பெரிய டெர்மாய்ட் நாக்க அண்ணத்துல முட்ட வச்சிருந்தா மயக்கம் கொடுக்கிறதே சர்ஜரிய விட கஷ்டமான வேலை, தூங்க வச்சுட்டு டியூப் போட முயற்சி பண்ணினா வழி தெரியாம போயிடும், அதனால ஆள் முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா கேமரா டியூப விட்டு மூச்சுக்குழாய்க்குள்ள போவாங்க. ஆஸ்பத்திரிய தேர்ந்தெடுக்கிறப்போ சர்ஜன் யாருன்னு கேக்குற மாதிரியே, இந்த வசதி உள்ள மயக்க டாக்டர் இருக்காரான்னும் கேளுங்க. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி வாய்த்தரையில ரத்தம் கட்டினா நாக்கு பின்னாடி தள்ளும், அதுக்காகத்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்றாங்க, பில்ல ஏத்த இல்ல.

யார்கிட்ட போறதுங்கிறதுக்கு ஓரல் சர்ஜனா இஎன்டியான்னு மண்டைய உடைக்க வேண்டாம், ரெண்டு பேரும் இத பண்றாங்க. "இது வரைக்கும் சப்லிங்குவல் சுரப்பி எத்தனை எடுத்திருக்கீங்க, நாக்கு மரத்துப் போனா என்ன பண்ணுவீங்க"ன்னு நேரா கேளுங்க, நல்ல டாக்டருக்கு கோவம் வராது. காசு பிரச்சினைன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரியிலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் இது பண்றாங்க, சென்னையில உள்ளவங்களுக்கு பாரிமுனைப் பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம். தனியார்ல போறதா இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல உங்க ஆபரேஷன் வருதான்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே அங்க இருக்கிற இன்சூரன்ஸ் கவுன்டர்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

அப்புறம், எந்த வழியில எடுத்தாலும் எடுத்தத பயாப்சிக்கு அனுப்பினாங்களான்னு கேளுங்க, மார்சுபியலைசேஷன்ல வெட்டின கூரைத் துண்டையும்தான். தையல் பிரிக்க போறப்போ அந்த ரிப்போர்ட்ட கையில வாங்கி, ரானுலான்னா உள்பக்கம் தோல் படலம் இல்லன்னு எழுதியிருக்கா, டெர்மாய்ட்னா எந்த வகைன்னு போட்டிருக்கா, வேற ஏதாவது புதுப் பேர் இருக்கான்னு டாக்டரையே படிச்சுச் சொல்லச் சொல்லிட்டு, ஸ்கேன் படம் இருக்கிற டிஸ்க்கோட சேத்து ஒரே ஃபைல்ல போட்டு வையுங்க. திரும்ப வந்தா அடுத்த டாக்டர் முதல்ல கேக்குறது அந்த ஃபைலத்தான்.